மரியாதைக்கு ஐம்பது மதிப்பெண்

அளவைத் துறையில் அளக்காத பொருள் கிடையாது. கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, துணி அளக்கும் கோல், பால் ஊற்றும் குவளை எல்லாம் அங்கே வந்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் போகும். இத்தனையையும் அளக்கிறவர்கள் மனிதனுக்குள் இருக்கும் மரியாதையை மட்டும் அளக்காமல் விட்டால் துறைக்கே இழுக்கு என்று எந்தக் காலத்திலோ ஒரு தலைவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு அவர் கண்டுபிடித்த கருவி ஒரு கோப்பையும் சாசரும்.

முறை எளிமையானது. நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு வருகிறவர் அறைக்குள் நுழைந்ததும், விளிம்புவரை தேநீர் ஊற்றிய கோப்பையைச் சாசரோடு கையில் கொடுப்பார்கள். குடிக்கக் கூடாது. கீழே வைக்கக் கூடாது. கேள்விகள் முடியும்வரை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் நிற்கும்போது நல்லவன் கை நடுங்கும். நடுங்கினால் கோப்பை சாசரில் இடித்துக் கடகடவென்று சத்தம் போடும். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டு மதிப்பெண் போடுவார். அறிவுக்கு ஐம்பது, மரியாதைக்கு ஐம்பது. இரண்டிலும் பாதிக்குக் குறையாமல் எடுத்தால்தான் வேலை.

ஊரில் உள்ள எல்லாக் கருவிக்கும் முத்திரை குத்துகிற துறை இந்தக் கருவிக்கு மட்டும் குத்தியதில்லை. ஏன் என்று கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை.

அந்தத் துறையின் எடைக்கல் பிரிவில் பல வருடமாகத் தற்காலிக ஊழியராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை எல்லாரும் ‘கிராம்’ என்று கூப்பிடுவார்கள். சின்ன எடைக்கற்களைச் சாமணம் என்ற சிறு இடுக்கியால் எடுத்து வைத்துச் சரிபார்ப்பது அவள் வேலை. ஆளும் சின்ன ஆள். கல்லோடு தனியாக இருக்கும்போது அவள் கை சிலை மாதிரி நிற்கும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அதே கை மின்விசிறிக்கு அடியில் வைத்த காகிதமாகிவிடும்.

முதல் நேர்காணலில், “உன் பேர் என்ன?” என்ற கேள்விக்கே பாதிக் கோப்பையைக் கம்பளத்தில் கொட்டினாள். மரியாதைக்கு ஐம்பதுக்கு ஐம்பது. துறையின் வரலாற்றில் அப்படி ஒருவர் வாங்கியதே இல்லை. அறிவுக்குச் சுழி. பெயரையே சொல்லாதவளுக்கு வேறென்ன போடுவார்கள்? அந்தக் கறையைத் தலைவர் கழுவ விடவில்லை. சுற்றிலும் பித்தளைக் கம்பி அடித்துக் கயிறு கட்டி, ஆண்டு விழாவில் எல்லாரையும் வரிசையாக வரச் சொல்லிக் காட்டினார். “இதுதான் மரியாதை. இந்தக் கறையை ஒவ்வொருவரும் நெஞ்சில் ஏந்த வேண்டும்” என்று பேசினார். கறையின் ஆசிரியை என்று கிராமை மேடையில் ஏற்றினார்கள். ஏறியதும் மைக்கைத் தட்டிவிட்டாள். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று.

இரண்டாம் நேர்காணலில் கோப்பையையே போட்டு உடைத்தாள். மறுபடியும் ஐம்பது, மறுபடியும் சுழி.

இது மூன்றாவது. வயது வரம்பின் விளிம்பு. இதில் தேறாவிட்டால் இனி எழுதிப்போட முடியாது. தற்காலிக வேலையும் மாதக் கடைசியோடு போய்விடும்.

“கவலைப்படாதே. இந்தத் தடவையும் ஒரு கறை பண்ணிட்டு வா. பக்கத்துலயே இன்னொரு கம்பி அடிப்பாங்க” என்றான் அவள் கணவன். கடைசல் பட்டறையில் இரும்பைச் சீவுகிறவன். வீட்டுக்கு வந்தால் மனைவியைச் சீவுவான்.

“உனக்குச் சிரிப்பா இருக்கா?”

“அழுதா வேலை குடுப்பாங்கன்னா சொல்லு, அழறேன். இல்லன்னா தெருமுனை டாக்டரம்மாகிட்ட போய்க் காட்டு. நடுக்கத்துக்கு மருந்து இருக்குமில்ல.”

தெருமுனை டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பேசினால் தையல் போடுகிற மாதிரி நறுக்கென்று பேசுவார்.

“நடுங்குறப்போ நெஞ்சு எப்படி அடிக்கும்?”

“தறி ஓடுற மாதிரி டாக்டர்.”

“அப்போ மனசுல என்ன ஓடும்?”

“ஐயோ, கை நடுங்குறதை எல்லாரும் பாக்குறாங்களேன்னு ஓடும்.”

“அதை நினைச்சா இன்னும் கொஞ்சம் நடுங்கும்.”

“ஆமா டாக்டர்! எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் அதே கதைதான். பயந்தா நடுங்கும், நடுங்கினா பயம் வரும். செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு இடத்துல வெட்டினா போதும்.” நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார். மூச்சு இழுப்பு உண்டா, சர்க்கரை உண்டா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றதும் ஒரு சின்ன மாத்திரையை எழுதிக் கொடுத்தார். “முதல்ல வீட்டுல சும்மா இருக்கிற நாள்ல ஒண்ணு போட்டுப் பாரு. தலை சுத்துதா, அசதியா இருக்கான்னு தெரியணும். ஒத்துக்கிட்டா, நேர்காணலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்கோ. தினமும் வேணாம். என்னைக் கேக்காம கூட்டாதே.”

“இதைப் போட்டா தைரியம் வந்துடுமா டாக்டர்?”

“வராது. பயம் இருந்த இடத்துலயே இருக்கும். உடம்பு அதை ஊரைக் கூட்டிச் சொல்லாது. அவ்வளவுதான்.”

“அது போதும். பயத்தை நான் பாத்துக்கறேன். கையை நீங்க பாத்துக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சோதனை நடந்தது. கணவன் பட்டறை நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிவந்து வரிசையாக உட்காரவைத்து, “முறைங்கடா” என்றான். முறைத்தார்கள். கிராம் கையில் கோப்பையோடு செய்தித்தாளை உரக்கப் படித்தாள். விரல்கள் கொஞ்சம் சில்லிட்டிருந்தன. அதைத் தவிர ஒன்றுமில்லை. தலையங்கம் முடிந்து சினிமாப் பக்கம் வருவதற்குள் முறைத்தவர்களுக்குக் கண் வலித்துவிட்டது.

நேர்காணல் நாளில் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வெறுங்கையை முன்னால் நீட்டி மணிக்கட்டை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். குளிர்கிறதோ என்று நினைத்தாள் கிராம். அவள் முறை வந்தது. உள்ளே நீள மேசை, நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு உறுப்பினர். தேநீர் கொண்டுவரும் அண்ணன் கோப்பையை அவள் கையில் வைத்துவிட்டு ஒதுங்கினார். தலைவர் சங்கீதக் கச்சேரிக்கு வந்தவர் மாதிரி சாய்ந்து கண்ணை மூடினார்.

சத்தம் இல்லை.

தலைவர் காதை முன்னுக்குத் தள்ளினார். சுவர்க் கடிகாரம் கேட்டது. வலது பக்க உறுப்பினரின் வயிறு கேட்டது.

“ஆள் வந்தாச்சா?” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“வந்தாச்சு ஐயா. முன்னாலதான் நிக்கிறாங்க.”

கிராமுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அது வழக்கம்போல உள்ளே வந்து உட்கார்ந்து, ஓடு ஓடு என்றது. ஆனால் முதலாளி மணியை அடித்துக்கொண்டே இருக்க, வேலையாட்கள் எல்லாரும் விடுப்பில் போய்விட்ட வீடு மாதிரி இருந்தது உடம்பு. இதயம் நிதானமாக நடந்தது. கை கோப்பையை ஏந்தியது, அதுபாட்டுக்கு.

“எடைக்கல்லை ஏன் கையால தொடக் கூடாது?” என்று கேட்டார் இடது பக்க உறுப்பினர்.

“விரல்ல இருக்கிற ஈரமும் பிசுக்கும் ஒட்டி எடை மாறிடும் ஐயா.”

தன் குரலை அந்த அறையில் அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். பரவாயில்லாத குரல்தான் என்று பட்டது. அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

“சரியாத்தான் சொல்றாங்க ஐயா” என்றார் இடது.

“பதிலை யாருய்யா கேட்டா? சத்தம் எங்கே?”

தலைவர் கண்ணைத் திறந்துவிட்டார். முப்பது வருடத்தில் நேர்காணலின் நடுவே அவர் கண்ணைத் திறந்தது இதுவே முதல் தடவை. எதிரில் இருப்பவள் யார் என்று பார்த்ததும், “கறை நீதானேம்மா?” என்றார், நெஞ்சு உடைந்து.

அளவைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். அளவு சுழி காட்டினால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். கோப்பையை மாற்றினார்கள். அடி குறுகிய கோப்பை கொண்டுவந்தார்கள். சாசருக்குள் ஒரு கரண்டியையும் போட்டார்கள். தலைவர் திடீரென்று மேசையை ஓங்கி அறைந்தார். வலது பக்க உறுப்பினரின் பேனா கீழே விழுந்தது, இடது பக்க உறுப்பினர் எழுந்து நின்றுவிட்டார், கோப்பை வாய் திறக்கவில்லை. கடைசியில் தேநீர் அண்ணனைக் கூப்பிட்டு அதையே பிடிக்கச் சொன்னார்கள். நாள் முழுக்கத் தட்டு ஏந்துகிற கை, ஒரு சொட்டுச் சிந்தாது. தலைவர் முறைத்தார். அண்ணன் அனுபவசாலி. உடனே கடகடவென்று ஆட்டிக் காட்டினார்.

“கருவி சரியா இருக்கு” என்றார் தலைவர். “அப்போ ஆள்தான் பழுது. ஏம்மா, எங்களைப் பாத்தா உனக்குப் பயமே இல்லையா?”

“இருக்கு ஐயா. நிறைய இருக்கு.”

“எங்கே? காட்டு.”

“காட்ட வழியில்ல ஐயா. மாத்திரை போட்டிருக்கேன்.”

மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தலைவலி மாத்திரையை யாராவது மறைப்பார்களா? ஆனால் வெடிகுண்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அந்த மூன்று பேரும் அவ்வளவு வேகமாக நாற்காலியைப் பின்னால் தள்ளியிருக்க மாட்டார்கள். நேர்காணல் நிறுத்தப்பட்டது. பெஞ்சில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் விசாரணை.

குற்றச்சாட்டை வலது பக்க உறுப்பினர் எழுந்து நின்று படித்தார். சட்டப்படியான அளவைக்கு உட்பட்ட ஒரு கருவியை, அதாவது தன் உடம்பை, துறையின் முத்திரை இல்லாமல் திருத்தி, அதில் காட்ட வேண்டிய மரியாதையைக் குறைத்துக் காட்டியது. தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிற வியாபாரிக்கும் இவளுக்கும் வித்தியாசமில்லை. இல்லை, இருக்கிறது. அவன் எடையைக் கூட்டித்தான் காட்டுகிறான்.

துறை மருத்துவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போகுமுன் அவர் தாழ்வாரத்தில் கிராமைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், “எத்தனை மில்லிகிராம்?” என்று கேட்டார்.

“பத்து, டாக்டர்.”

“பத்தா? எனக்கு நாப்பது. இந்த ஆள் முன்னால நிக்கணும்னா பத்து பத்தாதும்மா.”

உள்ளே போனதும் திருடனுக்குத் தேள் கொட்டிய முகத்தோடு சாட்சி சொன்னார். “இந்த மாத்திரை இதயத்தை நிதானமா அடிக்க வைக்கும். நடுக்கத்தைக் குறைக்கும். மரியாதையை எவ்வளவு குறைக்கும்னு புத்தகத்துல போடல.”

“போடலைன்னா நீங்க போடுங்க” என்றார் தலைவர். மருத்துவர் எழுதினார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

பிறகு தலைவர் பேசினார்.

“நான் கடுமையானவன்னு வெளியில சொல்றாங்க. நான் யார் தெரியுமா? இதே கம்பளத்துல நின்னு பல் கிட்டி, முட்டி தட்டி, பாதி உசிரு போய் வேலைக்கு வந்தவன். எனக்கு முன்னால இருந்த தலைவர் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்ல. தும்மினாக்கூட நான் நடுங்குவேன். அப்படி நடுங்கி நடுங்கித்தான் ஒவ்வொரு படியா ஏறி இந்த நாற்காலிக்கு வந்தேன். வந்து உக்காந்தா, இனிமே எனக்கு நடுங்க ஆளே இல்லைன்னா, நான் நடுங்கினதுக்கு என்ன மதிப்பு? சொல்லுங்க! இன்னைக்கு இவ ஒருத்தி. நாளைக்கு எல்லாரும் மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து, நிமிர்ந்து நின்னு, கேட்ட கேள்விக்கு டக்கு டக்குன்னு பதில் சொல்லிட்டுப் போனா, அப்புறம் வேலை தெரிஞ்சவன் எவன், தெரியாதவன் எவன்கிறதை மட்டும்தான் நாம பாக்க முடியும். அதுக்கா ஒரு துறை?”

இரண்டு உறுப்பினர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேசிய வேகத்தில் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. உதவியாளர் ஓடிவந்து ஒரு மாத்திரையையும் தண்ணீரையும் நீட்ட, வாயில் போட்டு விழுங்கினார். மேசையில் கிடந்த மாத்திரை அட்டையைக் கிராம் பார்த்தாள். ஒரு வாரமாக அவள் கைப்பையில் கிடக்கிற அதே பெயர்.

“ஐயா, அது என் மாத்திரைங்க.”

“என்னது?”

“நான் போட்டதும் இதேதான் ஐயா.”

துறை மருத்துவர் கூரையைப் பார்த்தார்.

“இது எனக்கு இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது” என்றார் தலைவர்.

“எனக்கும் டாக்டர்தான் ஐயா எழுதிக் குடுத்தாங்க. நடுக்கத்துக்கு.”

“என்னோடது வியாதி. உன்னோடது திமிர். நான் சாப்பிட்டா உடம்பு தேறுது. நீ சாப்பிட்டா என் முன்னால நிமிர்ந்து நிக்கிற. ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றல்ல என்று முடிவாயிற்று. ஆனாலும் துறைக்கு இரக்கம் உண்டு. நாளை மறுநாள் மறு நேர்காணல். கிராம் மாத்திரை இல்லாமல், இயற்கை நிலையில் வர வேண்டும். அறிவுக்கான மதிப்பெண் ஏற்கெனவே விழுந்துவிட்டது. கோப்பை மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டால் போதும், வேலை அவளுக்கே.

செய்தி கேட்டுப் பக்கத்துப் பிரிவில் தராசுகளுக்கு முத்திரை குத்தும் அக்கா ஓடிவந்து கிராமின் தலையில் செல்லமாகக் குட்டினாள்.

“அடி அசடே! நாங்க எல்லாரும் நிஜமா நடுங்கியா வேலை வாங்கினோம்? ஆட்டித்தான்டி வாங்கினோம். வெளியில பெஞ்சுல எல்லாரும் மணிக்கட்டை ஆட்டிட்டு இருந்தாங்களே, பாக்கல?”

“குளிருதுன்னு நினைச்சேன்க்கா.”

“குளிருதாம்! நிஜமா நடுங்கினவ இந்தத் துறையிலேயே நீ ஒருத்திதான். அதான் உனக்கு வேலை கிடைக்கல. மாத்திரையையும் போட்டுக்கோ, கையையும் ஆட்டு. பதிலும் வரும், சத்தமும் வரும். மணிக்கட்டை மட்டும் இப்படி விடு, தோளை அசைக்காதே.” முத்திரைச் சுத்தியலைத் தட்டில் வைத்து ஆட்டிக் காட்டினாள். பிரமாதமான நடுக்கம். இருபது வருட அனுபவம்.

வீட்டுக்கு வந்து கிராம் அடுப்படியில் ஒரு கோப்பையைச் சாசரில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். முதல் முயற்சியிலேயே அச்சு அசலாக வந்தது. பழகிய கை.

கணவன் கைதட்டினான். “அட்டகாசம்! முப்பது மார்க் நிச்சயம். போய் ஆட்டிட்டு வந்துடு. என்ன தேஞ்சுடப் போகுது?”

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் அவளை அழவைத்த நடுக்கம் அது. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவிடாமல், எல்லாரும் சிரிக்க, மூன்று தரம் பேனாவை நழுவவிட்ட நடுக்கம். அதற்குப் பயந்து எத்தனை வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வந்திருக்கிறாள். வாசலை விட்டு இப்போதுதான் விரட்டினாள். அதைப் போய்க் கூலிக்குக் கூப்பிட்டு வருவதா?

“தானா வந்தா அது வியாதி. நானா வரவழைச்சா அதுக்குப் பேர் என்ன?” என்றாள்.

“சம்பளம்” என்றான் கணவன்.

அவள் சிரிக்கவில்லை. அவன் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, “நான் ஒண்ணும் சொல்லல. கை உன்னோடது” என்றான்.

மறு நேர்காணலன்று பெஞ்சில் பழைய கூட்டமே உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. கிராம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, எல்லாரும் பார்க்கக் கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். “அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று தேநீர் அண்ணனிடம் கேட்டாள். அவர் கொடுத்தார். விழுங்கினாள். மணிக்கட்டுகள் நின்றுவிட்டன.

“போட்டுட்டியே?” என்றார் அண்ணன் மெதுவாக.

“போட்டுட்டேன்ணே.”

உள்ளே தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். புதுக் கோப்பை, விளிம்புவரை தேநீர். “வாம்மா, வா. நம்ம பழைய கறை” என்று வாய் நிறையச் சிரித்துச் சாய்ந்து கண்ணை மூடினார். உறுப்பினர்களும் மூடினார்கள்.

அமைதி நீண்டது. பிறகு அந்த அறையில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. உறிஞ்சுகிற சத்தம்.

தலைவர் கண்ணைத் திறந்தார். கிராம் இரண்டாம் மிடறு குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்! ஏய்! அதைக் குடிக்கக் கூடாது!”

“டீ தானே ஐயா?”

“டீ இல்ல அது! கருவி!”

“கருவிக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மி ஐயா.” மூன்றாம் மிடறு. அவசரப்படவில்லை. நெஞ்சுக்குள்ளே பயம் தலைகால் தெரியாமல் கத்திக்கொண்டுதான் இருந்தது. கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். சில்லிட்ட விரல்களுக்குக் கோப்பையின் சூடு இதமாக இருந்தது. உறுப்பினர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கோப்பை ஆடினால் என்ன செய்வது, உடைந்தால் என்ன செய்வது, ஆள் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்பதற்கெல்லாம் விதி இருந்தது. குடித்தால் என்ன செய்வது என்று இல்லை.

“சுழி!” என்று கத்தினார் தலைவர். “மரியாதைக்குச் சுழி! நிரந்தரமும் இல்ல, தற்காலிகமும் இல்ல. இன்னையோட நீ வெளியே!”

“தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் குடிச்சேன்.”

“எங்க மேல மரியாதையே இல்லையா உனக்கு?”

“பயம் இருக்கு ஐயா. இப்பவும் இருக்கு. மரியாதை என்னைக்கும் இருந்ததில்ல. முன்னால ரெண்டு தடவை நீங்க போட்ட அம்பதும் தப்பு. திருத்திக்குங்க.”

கடைசி மிடறைக் குடித்துவிட்டுக் கோப்பையை மேசை மேல் வைத்தாள். அதுவும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் பெஞ்சே எழுந்து நின்றது. அடுத்து உள்ளே போக வேண்டியவன், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பையன். முகம் வெளுத்திருந்தது.

“என்ன கேட்டாங்கக்கா?”

“ஒண்ணும் கேக்கல. டீ குடிச்சேன்.”

“அதைக் குடிக்கலாமா?”

“வாய் இருக்கில்ல? சூடா இருக்கும்போதே குடிச்சிடு. ஆறிப்போனா நல்லா இருக்காது.”

உள்ளேயிருந்து மணி அடித்தது. பையன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். கதவு மூடியது. கிராம் படிக்கட்டுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்தாள். மாதக் கடைசி இன்றைக்கே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு படி இறங்கியிருப்பாள். மேலே, மூடிய கதவுக்குப் பின்னால், கோப்பை கடகடவென்று ஆடத் தொடங்கியது. தலைவரின் நிம்மதிப் பெருமூச்சு தாழ்வாரம்வரை கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடகடப்பு நின்றது. பிறகு, யாரும் தப்பாக நினைக்க முடியாதபடி, நீளமாக ஒரு உறிஞ்சல்.